சர்வதேசப் போதைப்பொருள் கடத்தலில் அரசுகளுக்கே பங்கு உண்டு என்பது உண்மையா, சதிக்கோட்பாடா?

பங்கு உண்டு. ஆனால் "அரசாங்கமே மூட்டை கட்டி விற்கிறது" என்று பலர் கற்பனை செய்கிற மாதிரி அது பெரும்பாலும் நடப்பதில்லை.

அந்தக் கற்பனைக்கு மிக அருகில் வருவது பிரிட்டிஷாரின் அபின் வியாபாரம். வங்காளத்து அபின் முழுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். பாட்னாவிலும் காசிப்பூரிலும் பெட்டியில் அடைத்து, கல்கத்தாவில் ஏலம் விடுவார்கள். சீனாவில் அபினுக்குத் தடை என்பதால் அதற்குமேல் கம்பெனி கை வைக்காது. ஏலத்தில் எடுத்த தனியார் வியாபாரிகள் கடத்திக்கொண்டு போவார்கள். காசு கம்பெனிக்கு, பழி வியாபாரிக்கு. 1839ல் சீன அதிகாரி லின் செசு 20,000 பெட்டிகளுக்கு மேல் பறிமுதல் செய்து அழித்த பிறகுதான் பிரிட்டனின் போர்க்கப்பல்கள் வந்தன.

1980களில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ செய்ததும் இந்த வகையைச் சேர்ந்ததே. நிகரகுவாவின் இடதுசாரி அரசைக் கவிழ்க்க கான்ட்ரா என்ற ஆயுதக் குழுக்களை வளர்த்தார்கள். அவர்களுக்கு உதவியவர்களில் சிலர் கோகெய்ன் கடத்தல்காரர்கள். இது டீக்கடைப் பேச்சு இல்லை, செனட்டர் ஜான் கெர்ரி தலைமையிலான துணைக்குழு 1989ல் அறிக்கையாகவே வெளியிட்டது. கான்ட்ராக்களுக்கு உதவிப் பொருட்களைக் கொண்டுசேர்ப்பதற்காக, கடத்தல்காரர்களின் நிறுவனங்களுக்கு அமெரிக்க வெளியுறவுத்துறை 8 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருந்ததும் அதில் இருக்கிறது.

இந்த விவகாரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது 1982ல் சிஐஏவும் அமெரிக்க நீதி அமைச்சகமும் செய்துகொண்ட ஒப்பந்தம். சிஐஏவின் நேரடி ஊழியர்களாக இல்லாத உளவாட்கள் என்னென்ன குற்றம் செய்தால் கட்டாயம் தகவல் சொல்ல வேண்டும் என்ற பட்டியலில் போதைப்பொருள் குற்றம் இடம்பெறவில்லை. 1995 வரை இதுதான் நடைமுறை. கடத்தச் சொல்லி யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்க வழி இருந்தாலே போதும். அதையும் சட்டப்படியே செய்துவைத்திருந்தார்கள்!

1996ல் கேரி வெப் என்ற பத்திரிகையாளர் கான்ட்ரா கோகெய்னையும் லாஸ் ஏஞ்சலஸின் கிராக் (புகைக்கும் வகைக் கோகெய்ன்) விற்பனையையும் இணைத்து எழுதினார். பெரிய நாளிதழ்கள் அவரைத்தான் கிழித்தன. சில இடங்களில் அவர் மிகைப்படுத்தியதும் உண்மை. ஆனால் கடத்தல் சந்தேகம் இருந்த ஆட்களோடு உறவைத் துண்டிக்கவில்லை என்று 1998ல் சிஐஏவின் சொந்தத் தலைமை ஆய்வாளரே ஒப்புக்கொண்டார். அமெரிக்காவுக்குள் கோகெய்ன் கொண்டுவர சிஐஏ சதி செய்ததற்கு ஆதாரமில்லை என்றும் அதே விசாரணை சொன்னது. கறுப்பின மக்களை அழிக்கவே கிராக் பரப்பப்பட்டது என்ற பேச்சை நான் நம்பாததற்கு அதுதான் காரணம். அலட்சியத்துக்குச் சான்று இருக்கிறது, அப்படியொரு திட்டத்துக்கு இல்லை.

லஞ்சம் வாங்கிக்கொண்டு துணைபோவது தனி ரகம். மெக்சிகோவில் போதைப்பொருள் ஒழிப்புப் போரையே நடத்திய பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஹெனாரோ கார்சியா லூனா, சினலோவா கார்டெல் என்ற கடத்தல் கும்பலிடம் பணம் வாங்கியவர் என்று 2023ல் நியூயார்க்கில் நிரூபணமானது. ஹோண்டுராஸின் முன்னாள் அதிபர் ஹுவான் ஒர்லாண்டோ ஹெர்னாண்டஸுக்கு 2024ல் 45 ஆண்டு சிறை கிடைத்தது. 2025 டிசம்பரில் ட்ரம்ப் அவரை மன்னித்து விடுவித்துவிட்டார், போதைப்பொருள் படகுகள் என்று சொல்லி கரீபியன் கடலில் குண்டு வீசிக்கொண்டிருந்த அதே சமயத்தில்.