எண்டார்ஃபின்னா என்ன? அடிபட்ட உடனே வலி தெரியாதது ஏன்?

குளச்சல்ல வலை இழுக்கும்போது கை கிழிஞ்சாலும் கரைக்கு வந்த பொறவுதான் சிலருக்கு வலிக்கும், காரணம் நம்ம மூளையும் தண்டுவடமும் தானே செய்யுற வலிகுறைப்பு ரசாயனங்கள், எண்டார்ஃபின், என்கெஃபலின், டைனார்ஃபின்னு பேரு. பேச்சிப்பாறை அணை தண்ணிய கால்வாய் ஷட்டர எறக்கி கொறைக்குற மாதிரி, வலி சேதி மூளைக்கு ஏறுறத இது வழியிலயே கொறைச்சிடும், கேட்டியளா. 1975ல ஸ்காட்லாந்து அபர்டீன்ல ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க பன்னி மூளையில இருந்து என்கெஃபலின பிரிச்சு எடுத்தாங்க. அபின்ல இருந்து எடுக்குற வலி மருந்து மார்ஃபினும் இந்த ரசாயனங்க ஒட்டுற ரிசெப்டார்லதான் (நரம்பு செல்லுல சேதி வாங்குற எடம்) போய் ஒட்டுது.

தெனமும் வெளியில இருந்து ஓப்பியாய்டு, அதாவது மார்ஃபின் மாதிரி மருந்து, வந்துட்டே இருந்தா ரிசெப்டார் மந்தமாயிடும், திடீர்னு நிறுத்தினா வாந்தி, நடுக்கம், தூக்கமே இல்லன்னு ஆளையே உலுக்கிடும், பாவம், அவங்கள மனஉறுதி இல்லாதவன்னு திட்டாதீங்க, மூளையே மாறிப்போச்சு.

ஒடம்பு தானே செய்யுற இந்த ரசாயனங்க எல்லாமே சந்தோஷ ஹார்மோன்னு பலரும் நெனைக்காங்க, ஆனா டைனார்ஃபின் கூடினா மனசு சோர்ந்துதான் போகும்.