டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைத் தமிழில் நடத்த முடியுமா? முதன்முறை நடத்துபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

முடியும். ஆறு ஆண்டுகளாக என் நண்பர்களுக்கு நடத்திவருகிறேன். ஆனால் முதல் மூன்று மாதம் ஆங்கிலத்தில்தான் நடத்தினேன். அந்த மூன்று மாதமும் நாங்கள் ஐந்து பேரும் வேலைக்கான நேர்காணலுக்கு வந்தவர்களைப்போல முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தான் என்ன செய்கிறேன் என்று சொல்வார்கள். முடிவு இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம் என்கிற இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்கான எண்ணைக் கூட்டி, ஓர் இலக்கைத் தொடவேண்டும். எளிய செயலுக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதற்கு 20. இவ்வளவுதான் எலும்பு, சதையெல்லாம் பேச்சு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்கிற சிற்றூரிலிருந்து 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து இதை வெளியிட்டார்கள். பொம்மைப் படைவீரர்களை மேசைமேல் நிறுத்திப் போர் விளையாடிக்கொண்டிருந்த கூட்டம் அது. ஒரு படையை நடத்துவதற்குப் பதிலாக ஒரே ஓர் ஆளாக இருந்தால் என்ன என்று யோசித்ததுதான் அவர்கள் கண்டுபிடித்த புதுமை.

நாங்கள் தொடங்கியது 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் தொடக்கப் பெட்டியை வைத்து. 32 பக்க விதிநூல், 64 பக்க சாகசநூல், எழுதி முடித்த ஐந்து பாத்திரங்கள், ஆறு பகடைகள். சென்னையில் என் வாடகை வீட்டு மொட்டைமாடி அறையில், கல்லூரியில் என்னோடு படித்த திருநெல்வேலி நண்பன், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்யும் தோழி, என் அலுவலக நண்பர், அவருடைய தங்கை என நால்வர். அந்தச் சாகசம் சாலையில் செத்துக்கிடக்கும் இரண்டு குதிரைகளோடு தொடங்கும். புதருக்குள் கோப்ளின்கள் என்கிற குட்டைப் பூதங்கள் நான்கு. நல்ல காட்சி. ஆனால் “ஐ அட்டாக்” என்பதற்கு மேல் யார் வாயிலிருந்தும் சொல் வரவில்லை. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிப் பிழைக்கிறவர்கள்தான் எல்லோரும். அந்த ஆங்கிலத்தில் ஒரு கோப்ளினைத் திட்டத் தெரியவில்லை.

அன்றைக்கு உருப்படியாக ஒன்றைச் சொன்னவர் என் அம்மா மட்டும்தான். சுண்டல் கொண்டுவந்தவர், பகடையில் ஒன்று விழுந்ததும் நண்பன் தலையில் கைவைப்பதைப் பார்த்துவிட்டு, “ஒன்று விழுந்தால் தாயம் அல்லவா? அதற்கு ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்?” என்று கேட்டார். தாயக்கட்டையில் ஒன்று விழுந்தால்தான் காயே வீட்டை விட்டு இறங்கும். இந்த விளையாட்டில் தாக்கும்போது ஒன்று விழுந்தால் அடி கட்டாயம் தவறும். அம்மாவுக்கு அது கடைசிவரை ஏற்புடையதாக இல்லை.

இங்கே என் முதல் தவற்றையும் சொல்லவேண்டும். நடத்துபவர் பகடை உருட்டுவதை மற்றவர்கள் பார்க்காதபடி ஓர் அட்டைத் தடுப்பு வைத்துக்கொள்வது வழக்கம். அதன் பின்னால் ஒரு கோப்ளின் அம்புக்கு நான் உருட்டியபோது இருபது விழுந்தது. இருபது என்றால் சேதத்துக்கான பகடைகள் இரட்டிப்பு. குறியில் இருந்தவர் அலுவலக நண்பரின் தங்கை. எவ்வளவு அடி தாங்கலாம் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளி அவருடைய மந்திரவாதிக்குப் பத்துக்கும் குறைவு. முதல் நாளே அவரைச் சாய்க்க மனம் வராமல், “அம்பு தவறிவிட்டது” என்று சொன்னேன். பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலி நண்பன் பகடையைப் பார்த்துவிட்டான். அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மூன்று கோப்ளின்களுக்கு நடுவில் அவன் பாத்திரத்தைக் கேடயம்கூட எடுக்காமல் நிறுத்திவிட்டு, கடலை கொறித்துக்கொண்டிருந்தான். “எப்படியும் நீ எங்களைக் கொல்லமாட்டாயே” என்றான். அறைக்குள் இருந்த பயம் அந்த ஒரு வரியில் செத்தது. அன்றே தடுப்பைத் தூக்கிப் பரணில் போட்டேன். இரண்டு வாரம் கழித்து அதே மந்திரவாதி உண்மையிலேயே சாய்ந்தார். சாய்ந்தவர் ஒவ்வொரு சுற்றிலும் உருட்டவேண்டும். பத்தோ அதற்கு மேலோ மூன்று முறை விழுந்தால் பிழைப்பார், பத்துக்குக் கீழே மூன்று முறை விழுந்தால் இறப்பார். இரண்டு முறை தோற்றார். “அண்ணா, இன்னொன்று போனால் அவ்வளவுதானா?” என்று கேட்டபோது அவர் குரலில் விளையாட்டு இல்லை. மூன்றாவது உருட்டலுக்கு முன்னால் குள்ளர் குலத்துப் பூசாரி வந்து காப்பாற்றிவிட்டார். அந்த நான்கு நிமிடத்தைப் பற்றி இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். நான் பொய் சொல்லிக் காப்பாற்றிய அன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தமிழுக்கு மாறியது திட்டமிட்டு நடந்ததல்ல. ஒரு கோப்ளினைக் கட்டிப்போட்டு விசாரித்தார்கள். மணி பத்தரை, எனக்குத் தூக்கக் கலக்கம். “அடிக்காதீர்கள் சாமி, நான் கூலிக்கு வந்தவன், எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது” என்று வாயில் வந்துவிட்டது. நால்வரும் சிரித்தார்கள், அப்புறம் சட்டென்று அமைதியானார்கள். அதுவரை ஏழு உயிர்ப்புள்ளியாக மட்டும் இருந்த ஒன்று ஆளாகிவிட்டது. கொல்வதா விடுவதா என்று முக்கால் மணிநேரம் தமிழில் சண்டை போட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் ஆங்கிலத்துக்குத் திரும்பவில்லை.

மொழிபெயர்ப்புதான் தடை என்று நினைக்கிறீர்கள் என்றால், அது தடையே இல்லை. உயிர்ப்புள்ளி, கவச எண் என்பவை ஒரே நாளில் ஒட்டிக்கொண்டன. ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவதற்குத் ‘தப்பு உருட்டல்’ என்று பெயர் வைத்தேன். தப்பிக்கும் உருட்டலா, தப்பான உருட்டலா என்று தகராறு வந்ததால் கைவிட்டோம். நடத்துபவரின் ஆங்கிலப் பெயரான டன்ஜன் மாஸ்டரை ‘நிலவறைத் தலைவர்’ ஆக்கிப் பார்த்தோம், ஒரு மாலைகூடத் தாங்கவில்லை. இப்போது நான் வெறும் மாஸ்டர். “மாஸ்டர்” என்று யாராவது கூப்பிட்டாலே அடுத்தவர் “ஒரு டீ, சர்க்கரை கம்மியாக” என்று முடித்துவைப்பார். 2023 ஜனவரியில் விதிகளின் அடிப்படைத் தொகுப்பை வெளியீட்டாளர்களான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அதை யாரும் தமிழாக்கி வெளியிடலாம். நான் நான்கு பக்கத்துக்கு ஒரு சுருக்கம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

உண்மையான விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’ போதும். தமிழில் ஒரு பாத்திரம் வாயைத் திறந்த உடனேயே நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். எதிரில் நிற்பவரைப் பற்றி அந்தப் பாத்திரம் என்ன நினைக்கிறது என்பது அதிலேயே வெளிப்பட்டுவிடும். எங்கள் சாகசத்தில் ஊர்த் தலைவர் ஒருவர் வருவார், வெற்றுப் பெருமை பிடித்தவர். பிரபு வீட்டுப் பிள்ளையாக வந்த நண்பனைப் பார்த்து “நீங்கள் உட்காருங்கள்” என்றும், திருட்டுத் தொழில் செய்யும் குறுமனிதராக வந்த ஆடிட்டர் தோழியைப் பார்த்து “நீ அந்தப் பக்கம் நில்” என்றும் சொல்ல வைத்தேன். “அவனுக்கு நீங்கள், எனக்கு நீயா?” என்று கொதித்தார். அன்றிரவே தலைவரின் வீட்டில் கன்னம் வைத்தார். அந்த வீட்டுக்கு நான் ஓர் அறைகூடத் தயார் செய்திருக்கவில்லை. அவர் வாயால் ‘நீங்கள்’ என்று வாங்குவதே அடுத்த நான்கு அமர்வுகளுக்குத் தோழியின் லட்சியமாக இருந்தது. புத்தகத்தில் இருந்த புதையலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஒருநாள் தலைவர் அந்தச் சொல்லைச் சொன்னபோது தோழி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

ஆகவே தயாரிப்பு என்று கேட்டால், கதையை எழுதி வைக்காதீர்கள். நான் ஒரு பக்கம் மட்டும் எழுதுவேன். அன்று வரக்கூடிய நான்கைந்து பேர், அவர்களுக்கு என்ன வேண்டும், யாரை நீ என்பார்கள், யாரை நீங்கள் என்பார்கள், யாரை முறைவைத்துக் கூப்பிடுவார்கள். விடுதி நடத்தும் அம்மாள் எல்லோரையும் ‘தம்பி’ என்று கூப்பிட்டு, ஒருவரை மட்டும் ‘ஐயா’ என்றால், அவரை ஏன் அப்படிக் கூப்பிட்டார் என்று விசாரிக்க நால்வரும் கிளம்பிவிடுவார்கள். அன்றைய அமர்வு அதிலேயே ஓடும். குகையின் வரைபடத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

மற்றவை சின்ன விஷயங்கள். விளையாடுபவர் நான்கு பேர் போதும், ஆறு பேர் என்றால் காத்திருப்பிலேயே பொழுது போகும். மூன்று மணிநேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். தேதியை ஒவ்வொரு முறையும் கேட்டு முடிவு செய்தால் அந்த விளையாட்டு ஆறு வாரத்தில் நின்றுவிடும். எங்களுக்கு மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமை. ஒருவர் வராவிட்டாலும் நடக்கும். ஊரடங்கின்போது ரோல்20 என்கிற இணையதளத்தில் நடத்தினோம். வேலை நடந்தது, ஆனால் சுண்டல் இல்லை.

தடுப்பைத் தூக்கிப் போட்டதன் விலையைப் பிறகு ஒருநாள் கொடுத்தேன். வழித்துணைக்கு ஒரு கிழட்டு வண்டிக்காரரை நானாக உருவாக்கியிருந்தேன். ஒரு ரகசியமும் இல்லாத ஆள். “நாம் பொழுது சாய்வதற்குள் ஆற்றைத் தாண்டிவிட வேண்டும்” என்கிற மாதிரிதான் எப்போதும் பேசுவார். அவர் வந்த இரண்டாவது அமர்வின் முடிவில் களைப்பில், “பாலத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்று சொல்லிவிட்டேன். வெறும் வாய்தவறல். ஆடிட்டர் தோழி தலை நிமிர்ந்தார். “நாங்களா? இவரோடு இருப்பது நாம் மட்டும்தானே. வேறு யாரைச் சேர்த்துக்கொண்டு நாங்கள் என்கிறார்?” கேட்பவரைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள், மூன்றாம் வகுப்பில் படித்தது. ஆங்கிலத்தில் விளையாடியிருந்தால் அந்தச் சொல் காற்றோடு போயிருக்கும்.

வாய்தவறிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் வண்டிக்காரரின் முகத்தைப் படிக்கிறேன் என்றார். இலக்கு 15 என்றேன். எல்லோர் கண்ணெதிரிலும் உருட்டிக் கூட்டினால் 17. ஏதாவது ஒன்று தெரிந்தே ஆகவேண்டும். “அவர் முகம் வெளுக்கிறது” என்று சொன்னேன். அறையே எழுந்து நின்றது. யார் அந்த ‘நாங்கள்’ என்று எனக்கே அடுத்த வாரம்தான் தெரிந்தது. ஊரில் ஏற்கெனவே இருந்த ஒரு கொள்ளைக் கூட்டத்தோடு அவரை முடிச்சுப் போட்டேன். அடுத்த நான்கு மாதம் அந்த முடிச்சை அவிழ்ப்பதிலேயே கழிந்தது. பகடையில் பொய் சொல்லக்கூடாது என்று மேலே அவ்வளவு நீட்டியவன் இதை மட்டும் எப்படிச் செய்தாய் என்று கேட்பீர்கள். பகடை எல்லோருக்கும் பொது, வண்டிக்காரர் என்னுடையவர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிவைத்திருக்கிறேன். தோழிக்கு இன்றுவரை உண்மை தெரியாது. அவரும் இந்தத் தளத்தில் இருக்கிறார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

வண்டிக்காரர் சாகவில்லை, சிறையில் இருக்கிறார். போன மாதம் நால்வரும் அவரைப் பார்க்கப் போனார்கள். கம்பிக்குப் பின்னாலிருந்து, “நாம் எப்போது வீட்டுக்குப் போவோம்?” என்று கேட்டார். இந்த முறை தெரிந்தேதான் சொன்னேன். அந்த ‘நாம்’ யாரைச் சேர்த்து, யாரை விட்டு என்று அரை மணிநேரம் வாதிட்டுவிட்டு, முடிவு தெரியாமலே கீழே டீ குடிக்கப் போனார்கள்.