உப்பை வடிகட்டும் ஆர்ஓ சவ்வு மேம்பட்டால் கடல்நீரைக் குடிநீராக்கும் மின்செலவு பாதியாகுமா?

பாதியாகாது. கடல்நீரில் பாதியை நன்னீராகப் பிரிக்க, இயற்கை விதிப்படியே ஆயிரம் லிட்டர் நன்னீருக்குக் குறைந்தது சுமார் 1.1 யூனிட் தேவை. இன்றைய நல்ல ஆலைகள் 3 முதல் 4 யூனிட்டில் ஓடுகின்றன. அதில் கணிசமான பங்கு நீரை இழுக்க, வடிகட்ட, அனுப்பச் செலவாகிறது. அதைச் சவ்வு குறைக்காது.

என்னைக் கேட்டால், தேட வேண்டிய முன்னேற்றம் வேறு. இப்போதைய பாலிஅமைடு என்னும் பிளாஸ்டிக் சவ்வில் உப்பைத் தடுக்கும் அடுக்கு, தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்குதான். 99 சதவீதத்துக்கு மேல் உப்பை நிறுத்திவிடும், அபாரமான பொருள்! ஆனால் குளோரின் பட்டால் சிதையும். அதனால் கிருமியைக் கொல்லப் போட்ட குளோரினைச் சவ்வுக்கு முன்பே நீக்கியாக வேண்டும். பிறகு சவ்வின் மேல் பாக்டீரியா வழவழவென்று படியும், பம்பின் அழுத்தம் ஏறும், கழுவ ஆலையை நிறுத்த வேண்டிவரும். குளோரினைத் தாங்கும் சவ்வுக்குத்தான் நான் காத்திருக்கிறேன்.