பதில்: அக்கா மகனைச் சிங்கப்பூர் அழைத்துப் போக என்னென்ன கடிதங்கள் வேண்டும்?

சகோதரி, பையனுக்கு 9 வயது, அம்மா சென்னையில், அப்பா துபாயில் என்கிறீர்கள். அம்மா கையெழுத்து மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். இருவருடைய ஒப்புதலும் வேண்டும். அப்பா அங்கேயே தனிக் கடிதம் எழுதி, இந்தியத் துணைத் தூதரகச் சான்றொப்பம் வாங்கி அனுப்பட்டும். அதற்குத்தான் நாளாகும், இன்றே சொல்லிவிடுங்கள். அம்மா கடிதத்துக்கு இங்கே நோட்டரி போதும். இரண்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பையன், உங்கள் பாஸ்போர்ட் எண்கள், உறவு, போய்வரும் தேதிகள், தங்கும் முகவரி, பெற்றோர் தொலைபேசி எண்கள் வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு நீங்கள் சம்மதிக்கலாம் என்ற வரியும் கட்டாயம்.

நம் பெயர்களில்தான் சிக்கல். அவனுக்குப் பின்னால் அப்பா பெயர், உங்களுக்குக் கணவர் பெயர். பார்த்தால் உறவே தெரியாது. அவன் பிறப்புச் சான்றிதழில் அக்கா பெயர் இருக்கும். அக்கா, நீங்கள் இருவருடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் பெற்றோர் பெயர் அச்சாகியிருந்தால் அந்த நகல்களையும் சேருங்கள், சங்கிலி முழுமையாகிவிடும். இல்லையென்றால் அக்கா, தங்கை இருவருடைய பிறப்புச் சான்றிதழ்கள்.

டிக்கெட்டை ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், போடுங்கள். தனியாகப் போட்டால் துணையில்லாக் குழந்தை என்று கவுன்டரில் நிறுத்தலாம். விசா அவனுக்கும் தனி. எஸ்ஜி அரைவல் கார்டும் (சிங்கப்பூர் வருகைக்கு இணையத்தில் நிரப்பும் படிவம்) அவன் பெயரில் தனியாக, இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.

அசல்கள் கைப்பையில். "இவங்க யாரு?" என்று அதிகாரி பையனையே கேட்கலாம், "சித்தி, அம்மாவோட தங்கச்சி" என்று அவன் பயமில்லாமல் சொல்லப் பழக்குங்கள்.