ஜெபிக்க வாய் வரவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. வயது 63. சபைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போன ஜூலையில் என் வீட்டுக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கணையத்தில் புற்றுநோய்.

அந்த வருஷம் புத்தாண்டு ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்திருந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார், ஸ்கேன் எடுக்கப் போனபோதும். மார்ச்சில் நோய் தெரிந்தது, நாலு மாதத்தில் எல்லாம் முடிந்தது. உபவாச ஜெபம், எண்ணெய் பூசி ஜெபம் என்று ஒன்றையும் விடவில்லை.

இப்போது சென்னையில் மகன் வீட்டில், எட்டாவது மாடியில் இருக்கிறேன். மருமகள் தங்கமானவள். ஊரில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான்தான் செயலாளர். அசனத்துக்கு, அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் விருந்துக்கு, அரிசி எத்தனை மூட்டை என்று என்னிடம்தான் கேட்பார்கள். இங்கே மகன் போகும் சபையில் நான் வெறும் 'ஆன்ட்டி'. பழைய பாமாலைப் பாட்டுகள் கிடையாது. திரையில் வரிகள் ஓடுகின்றன, டிரம்ஸ் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்பதில்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வரவில்லை. உள்ளே கோபம்தான் இருக்கிறது. யார் மேல் என்று எழுதவே பயமாயிருக்கிறது. ஜெபக் குழுவில் ஒரு சகோதரி, "விசுவாசம் இருந்தா இப்படி அழமாட்டீங்க ஆன்ட்டி. வீட்ல அறிக்கை செய்யாத பாவம் ஏதும் இருக்கான்னு பாருங்க" என்றார். என்னால்தான் அவருக்கு அப்படி ஆயிற்றோ என்று இருக்கிறது. இதற்கிடையில் ஊர் வீட்டை விற்றுவிடலாம் என்கிறான் மகன். என்ன சொல்வது?

– ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள அம்மா,

முதலில் அந்தச் சகோதரியின் பேச்சை எடுத்துக் கீழே போடுங்கள். பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றுதான் இயேசு சொன்னார். யோவான் 9-ஆம் அதிகாரம். கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. அதில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வெளியே தெரியும். டாக்டர்களே திணறும் நோய் அது. உங்கள் பாவக்கணக்கில் அதைத் தேட வேண்டாம்.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் பல வருஷமாக ஆராய்ந்த விஷயம் இது: ஒரே விசுவாசம் சிலரைத் தாங்குகிறது, சிலரை நசுக்குகிறது. கடவுள் கூட இருக்கிறார் என்று நம்புகிறவருக்குத் துக்கத்தைச் சுமக்கப் பலம் கிடைக்கிறது. கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று நினைப்பவருக்கு மனச்சோர்வு கூடுகிறது. நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், அந்தச் சகோதரி உங்களை இரண்டாவது பக்கம் தள்ளிவிட்டார்.

கோபம் யார் மேல் என்று நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குப் புரிகிறது, கர்த்தருக்கும் புரியும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் நேராகவே கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேல். கடைசி வரி வரைக்கும் இருட்டுத்தான், ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதுகூட இல்லை. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்களே! சொந்த வார்த்தை வராத நாட்களில் அதை வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். அதுவே ஜெபம்தான்.

இனி அந்த அட்டை. அதில் ஒரு வசனம்தான் இருக்கும், கடிதம் முழுவதும் இருக்காது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி சொன்னான், கேட்டவர்களுக்கு இனிப்பாகத்தான் இருந்திருக்கும். எரேமியா எழுதியதோ எழுபது வருஷம். அதனால் அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்றார். அதற்கெல்லாம் பிறகுதான் உங்கள் வீட்டுக்காரர் பையிலிருந்த வசனம் வருகிறது. ஊரை இழந்து வேற்று ஊரில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சொன்ன வார்த்தை அது, நோய் குணமாகும் என்று கொடுத்த உத்தரவாதம் அல்ல. புத்தாண்டு ராத்திரியில் இதை யாரும் விளக்குவதில்லை என்பது என் பழைய ஆதங்கம்.

நீங்கள் இழந்தது ஒன்று மட்டுமல்ல. ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-இல் வாழ்க்கை மாற்றங்களின் பாரத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். துணையை இழப்பதற்கு 100. வீடு மாறுவதற்கு 20. சபைக் காரியங்களில் வரும் மாற்றத்துக்கு 19, கிட்டத்தட்ட வீடு மாறுவதற்குச் சமம். அரிசி மூட்டைக் கணக்கு கையைவிட்டுப் போனதற்காக அழுகிறோமே என்று வெட்கப்பட வேண்டாம்.

மாதம் ஒரு ஞாயிறாவது பாமாலை பாடும் தமிழ்ச் சபைக்குக் காலை ஆராதனைக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி மகனிடம் கேளுங்கள். சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. அங்கேயும் பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கும், கணக்கு எழுத ஆள் தேடிக்கொண்டும் இருப்பார்கள். மருமகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். தங்கமான மருமகளாக இருந்தாலும், நீங்கள் மூன்று மணிக்கு முழித்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டு விஷயத்தில் "இந்த வருஷம் வேண்டாம் தம்பி, அடுத்த அசனத்துக்கு ஊருக்குப் போய் வந்து பேசுவோம்" என்று சொல்லுங்கள். பணமுடை எதுவும் இல்லையென்றால் அவசரமே இல்லை. அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், பவர் பத்திரம் உட்பட. பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து, கரையான் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

கடைசியாக அந்த மூன்று மணி. சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்துத் திரும்பவும் தூங்கவிட்டான். ஆறு மாதத்துக்கு மேலும் துக்கம் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போட்டால் அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. உங்களுக்கு அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, பி12 இரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். பசி, எடை குறைந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் எலியாவுக்கு வந்தது போல உங்களுக்கும் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், மகனை எழுப்புங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இலும் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.