டீசர் தரும் 4 புள்ளிக்கு நீங்கள் கொடுக்கும் விலை

கேள்வி: என்பிஏ ஆட்டங்களில் வாரம் நான்கு முறை, தலா 110 டாலருக்கு இரண்டு ஆட்ட டீசர் கட்டுகிறேன்; இரண்டு ஆட்டமும் கைகொடுத்தால்தான் பணம் தரும் ஒரே பந்தயம் அது. ஜெயித்தால் 100 டாலர். ஸ்ப்ரெட், அதாவது பந்தய நிறுவனம் முன்கூட்டியே வைக்கும் புள்ளி வித்தியாசம், டீசரில் 4 புள்ளி என் பக்கம் நகர்வதால் பாதுகாப்பு என்று நம்பினேன். 25 வாரத்தில் கிரெடிட் கார்டில் 3,000 டாலர் கடன் நிற்கிறது. மூன்று ஆட்ட டீசருக்கு மாறினால் சீக்கிரம் மீட்டுவிடலாம் என்கிறார் மைத்துனர். மாறலாமா?

பதில்: கூடாது. 110 வைத்து 100 வெல்லும் பந்தயத்தில் கைமுதல் போகாமல் இருக்கவே 100-க்கு 52.4 முறை ஜெயிக்க வேண்டும். டீசரில் இரண்டு ஆட்டமும் சேர்ந்து கைகொடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றும் 72.4 சதவீதம் ஜெயித்தாக வேண்டும். கூடைப்பந்தில் முடிவுகள் ஸ்ப்ரெட்டைச் சுற்றி அகலமாகச் சிதறும்; இந்தச் சிதறலை அளக்கும் திட்ட விலக்கம் ஏறக்குறைய 12 புள்ளி. ஒரு புள்ளிக்குச் சுமார் 3 சதவீதம்தான் வாய்ப்பு கூடும். 4 புள்ளி 50-ஐ 63 ஆக்கும். 72-ஐத் தொட 7 புள்ளி வேண்டும்.

இரண்டும் 63 என்றால் சேர்ந்து ஜெயிப்பது 40 சதவீதம். 100 டீசரில் வரவு 4,000, இழப்பு 6,600. போட்ட பணத்தில் 24 சதவீதம் போகிறது. ஒற்றை ஆட்டப் பந்தயத்தில் போவது 4.5 சதவீதம். உங்கள் நான்கு டீசருக்கு வாரம் 104 டாலர், 25 வாரத்துக்கு 2,600. மீதி 400 எங்கிருந்து வந்தது என்று கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள்.

டீசருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது அமெரிக்கக் கால்பந்து. அங்கே பல ஆட்டங்கள் 3 அல்லது 7 புள்ளி வித்தியாசத்தில் முடியும். 6 புள்ளி நகர்த்தினால் சில ஸ்ப்ரெட்டுகளில் இரண்டையும் தாண்டலாம். கூடைப்பந்தில் அப்படி ஒரு எண்ணே இல்லை. கடைசி நிமிடத்தில் பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்ய, ஃப்ரீ த்ரோக்களிலேயே உங்கள் 4 புள்ளி கரைந்துவிடும். இரு அணிகளும் சேர்ந்து எடுக்கும் மொத்தப் புள்ளி மீது கட்டும் டீசர் இன்னும் மோசம். அங்கே சிதறல் இதைவிட அகலம்.

மைத்துனர் சொல்லும் மூன்று ஆட்டம் ஜெயிக்க 25 சதவீதம்தான் வாய்ப்பு. 100-க்கு 180 லாபம் கொடுத்தாலும், வைத்த 100-ல் சராசரியாக 70தான் திரும்பும். ஆப் காட்டும் 'டீசர் பூஸ்ட்' சலுகையையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது கார்டு. பந்தயக் கணக்கில் கார்டு வழியாகப் போடும் பணத்தைப் பல வங்கிகள் கேஷ் அட்வான்ஸாகவே, அதாவது கார்டில் ரொக்கம் எடுத்ததாகவே, எடுத்துக்கொள்கின்றன: கட்டணம் உடனே, வட்டி அன்றே தொடக்கம், வட்டியில்லா நாட்கள் கிடையாது. ஆண்டுக்கு 29 சதவீத வட்டி என்று வைத்தால் 3,000-க்கு மாதம் 70 டாலருக்கு மேல் வட்டி மட்டும்.

இன்றே வங்கியை அழைத்து கேஷ் அட்வான்ஸ் வரம்பைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். ஆப்பிலிருந்து கார்டை நீக்குங்கள். மாதம் 300 கட்டினால் 12 மாதத்தில் கடன் தீரும். குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்தினால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நீக்கிய கார்டை மறுபடி சேர்க்கக் கை போனால், பந்தயம் கட்ட என்னை அனுமதிக்காதீர்கள் என்று நாமே கேட்டுக்கொள்ளும், உங்கள் மாநிலத்தின் சுயவிலக்குப் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். மைத்துனருக்கு இந்தக் கணக்கை அப்படியே அனுப்புங்கள், அவருக்கும் பயன்படும்.