புதிய திசுவகை மரபணு வடிவங்கள்: வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள்

பெரம்பூரில் நடந்த குருத்தணு (ஸ்டெம் செல்) கொடையாளர் பதிவு முகாமுக்குப் பின் வந்த கேள்விகளுக்கு, திசுவகை ஆய்வகத்தில் பணிபுரியும் நான் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: என் கன்னத்தின் உட்புறத்தில் எடுத்த மாதிரியில், பட்டியலில் இல்லாத எச்.எல்.ஏ. வடிவம் இருப்பதாகச் சொன்னார்கள். இது நோயா? (கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

பதில்: நோயன்று, அஞ்ச வேண்டாம். ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள், நம் செல் எது, அந்நியம் எது என்று நோயெதிர்ப்பு அணுக்கள் அறிய உதவும் மூலக்கூறுகளை உருவாக்குகின்றன. குருத்தணு மாற்று சிகிச்சைக்குக் கொடையாளர் நோயாளிக்குப் பொருந்துவாரா என்று பார்ப்பதும் இந்த மரபணுக்களைக் கொண்டுதான். இவற்றில் பல்லாயிரம் வடிவங்களுக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. உங்களுடையது பெரும்பாலும் தாய்வழியிலோ தந்தைவழியிலோ வந்ததாகவே இருக்கும். இப்போதுதான் அது வாசிக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: கருவியின் பிழை இல்லை என்று எப்படி உறுதி செய்கிறீர்கள்? (ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: எங்கள் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே செல்கிறது. ஒவ்வொருவரிடமும் அந்த மரபணுவின் இரு பிரதிகள் இருப்பதால், மாற்றம் எந்தப் பிரதியில் உள்ளது என்பதைப் பிரித்துப் படிக்க வேண்டும். பிறகு புதிதாகப் பெருக்கிய டி.என்.ஏ.விலும் அதே எழுத்து (டி.என்.ஏ. வரிசையின் ஓர் அலகு) அதே இடத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உறுதியானதும் அந்த வரிசையைப் பொதுத் தரவகத்தில் சேர்த்து, எச்.எல்.ஏ. வடிவங்களைத் தொகுக்கும் ஐ.பி.டி. ஐ.எம்.ஜி.டி. எச்.எல்.ஏ. தரவுத்தளத்துக்கு அனுப்புகிறோம். அதன்பிறகே உலக சுகாதார நிறுவனத்தின் பெயரிடல் குழுவின் விதிப்படி எண் கிடைக்கும். ஏ 02:01 என்பதில் ஏ மரபணுவையும் 02 குழுவையும் 01 அக்குழுவின் குறிப்பிட்ட புரதத்தையும் சுட்டுகின்றன. புரதத்தை மாற்றாத எழுத்து மாற்றம் மூன்றாம் எண்ணாகச் சேரும். மூலக்கூறே உருவாகாத வடிவத்துக்கு இறுதியில் ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்து வரும். இந்த ‘என்’னைத் தவறவிடுவது, பொருந்தாத கொடையாளரைப் பொருத்தமானவர் என்று காட்டிவிடக்கூடும் என்பதால், அவசரப்படுத்தினாலும் நாங்கள் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

கேள்வி: அந்த வடிவத்துக்கு என் பெயரை வைப்பார்களா? (ராயபுரம்)

பதில்: இல்லை, எண் மட்டுமே.

கேள்வி: என் மகனுக்குத் தலசீமியா (பரம்பரை இரத்தச்சோகை நோய்). அவனிடமும் புதிய வடிவம் இருக்கிறதாம். இனி யார் பொருந்துவார்கள்? (தண்டையார்பேட்டை)

பதில்: அம்மா, முதலில் உடன்பிறந்தவர்களைப் பரிசோதியுங்கள். ஒரே பெற்றோரின் பிள்ளைகளில் ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்த 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. புதிய வடிவமும் அதே வழியில்தான் இறங்கும். வீட்டில் பொருத்தம் இல்லையெனில், கொடையாளர் பதிவேட்டில் நம் வட்டாரத்தவர், நம் உறவுமுறைச் சமூகத்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது முக்கியமாகிறது; ஏனெனில் ஓரிடத்தில் அரிதான வடிவம் இன்னோரிடத்தில் அரிதாக இராது. ஆகவே பதிவு செய்தவர்கள் வீடோ கைபேசி எண்ணோ மாறினால் பதிவேட்டுக்கு உடனே தெரிவியுங்கள்.